ஈரக் கான்கிரீட்

ஸ்க்ரூடிரைவரை ஓங்கிக் குத்தினாள். கான்கிரீட்டுக்குள் அது இறங்கியது.

இறங்கவே கூடாது. சறுக்குமர மேடைக்கு அடியில் குப்புறப் படுத்திருந்தவள், ஊர்ந்துபோய் அடுத்த காலடியில் குத்திப் பார்த்தாள். அங்கேயும் ஒரு விரல்கடை இறங்கியது. மூன்றாவது காலும் அப்படித்தான். நான்காவதைக் குத்தவே வேண்டியிருக்கவில்லை, நகத்தால் கீறியபோதே பெயர்ந்து வந்தது.

எழுந்து, மேடையின் கம்பத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். பன்னிரண்டடி உயர இரும்பு லேசாக முனகி ஆடி நின்றது. காலைச் சுற்றி மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியது.

மணி மூன்று இருபது. நான்கு மணிக்கு விளையாட்டுத் திடல் திறப்பு விழா.

கம்பிக் கதவுக்கு வெளியே பள்ளிப் பிள்ளைகள் அறுபது பேர் வரிசையில் நின்றார்கள். வரிசை என்பது பேச்சுக்குத்தான். முன்னால் நின்றவர்கள் கதவில் ஏறித் தொங்கிக்கொண்டிருந்தார்கள். கதவு திறந்தால் அறுபது பேரும் ஒரே மூச்சில் பாயப்போவது இந்த மேடைக்குத்தான்.

கதவு திறக்க அவள் கையெழுத்து வேண்டும். நகராட்சியில் விளையாட்டுச் சாதனங்களைச் சோதித்துச் சான்று தருவது அவள் வேலை. சேர்ந்து பத்து மாதம். நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் பாக்கி.

மேடையைப் போட்ட கான்ட்ராக்டரைக் கூப்பிட்டாள். எதைக் கேட்டாலும் ‘ஆயிடும்’ என்பார் என்பதால் அந்த வட்டாரமே அவருக்கு ஆயிடும் என்று பெயர் வைத்திருந்தது. போன மாதம் கல்லுப்போல இருந்த கால்கள் இன்றைக்கு எப்படிக் களியாயின என்று கேட்டாள். அவர் தலையைச் சொறிந்தார். நடந்தது இவ்வளவுதான். இந்தத் திடலுக்குப் பெயர் வைக்கப்பட்டிருக்கும் உள்ளூர் ராணுவ வீரனின் நினைவுக்கல் நேற்று வந்து இறங்கியது. அதை நட்டுப் பார்த்தால், தெருவிலிருந்து வருகிறவர்களுக்கு மேடைதான் தெரிந்தது, கல் தெரியவில்லை. செத்த வீரனின் பெயர் மறையலாமா என்று வார்டு கவுன்சிலர் துடித்துப்போனார். உடனே மேடையைப் பெயர்த்து நாலடி பின்னால் நகர்த்தி, நேற்று பொழுது சாயும் நேரத்தில் புதிதாகக் கான்கிரீட் கொட்டியிருக்கிறார்கள்.

“நேத்து சாயங்காலமா? ஒரு வாரமாவது காய வேணாமா?”

“வெயில் நல்லா அடிக்குது மேடம். ஆயிடும்.”

சுற்றி மணல்மூட்டை அடுக்கலாம், பிள்ளைகளை ஒவ்வொருவராக ஏற்றலாம் என்றார். அறுபது பிள்ளைகளை ஒவ்வொருவராக ஏற்ற உங்களால் முடியுமா, உங்கள் வீட்டு இரண்டையாவது அப்படி ஏற்றியிருக்கிறீர்களா என்று கேட்டாள். அதற்கு மட்டும் அவர் ‘ஆயிடும்’ சொல்லவில்லை.

மூன்று முப்பத்தைந்து. கவுன்சிலர் வந்துவிட்டார். கஞ்சி மொடமொடக்கும் சட்டை, முகம் நிறையச் சிரிப்பு. விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பு மட்டும் கழன்று விழுந்தது. மேடையைக் கயிறு கட்டி மூடிவிட்டு மற்றதைத் திறக்கலாம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். மற்றது என்று இருப்பது ஒரு மணல்தொட்டி. மணல்தொட்டிக்கா விழா எடுப்பது என்று அவர் குரலை உயர்த்தினார், பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

“நாட்டுக்காக உயிரைக் குடுத்தவனுக்கு நீங்க குடுக்கற மரியாதை இதானா?”

பந்தலில் சலசலப்பு. லஞ்சம் வாங்கித் தின்ன அலைகிற கூட்டம் என்றார் யாரோ. யாரோ அவள் சம்பளத்தைப் பற்றிப் பேசினார்கள். சான்றுப் படிவத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

செல்போன் அடித்தது. மேலதிகாரி. கவுன்சிலர் முந்திக்கொண்டு அவரிடம் பேசிவிட்டிருக்கிறார்.

“இன்னைக்குக் கையெழுத்த போட்டுடுங்க. அடுத்த வாரம் போய் சாவகாசமா பாத்துக்கலாம். போடலன்னா நாளைக்கு ஆபீசுக்கு வர வேணாம், லெட்டர் வீட்டுக்கே வரும்.”

அவள் பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்தது.

மூன்று நாற்பத்தெட்டு. வெளியே பிள்ளைகள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக் கத்த ஆரம்பித்தார்கள். கதவு குலுங்கியது. அந்தக் கூச்சலுக்கு நடுவே வீரனின் தாய் பந்தலை விட்டு இறங்கி நேராக அவளிடம் வந்தாள்.

இந்தத் திடலுக்கு மகன் பெயரை வாங்க ஆறு வருடம் ஆபீஸ் படி ஏறி இறங்கியவள் அந்த அம்மாள். மனு எழுதி எழுதியே அவள் கையெழுத்து அழகாகிவிட்டது என்று ஆபீசில் கேலி பேசுவார்கள். அவள் கணவர், கடைத்தெருவில் தையல்கடை வைத்திருப்பவர், ஒரு தடவைகூடக் கூட வந்ததில்லை. இன்றைக்குத்தான் வந்திருந்தார், மனைவிக்கு இரண்டடி பின்னால்.

தாய் அவள் கையைப் பிடித்தாள்.

“என் பொண்ணு மாதிரி இருக்கே. இன்னைக்கு அவன் பொறந்த நாளும்மா. இந்தப் பிள்ளைங்க ஏறி வெளையாடறதை ஒரு தடவை பாத்துட்டா போதும் எனக்கு. ஒரே ஒரு கையெழுத்துதானே?”

கவுன்சிலரை எதிர்த்து நின்றவளால் இந்தக் கையை உதற முடியவில்லை. மேலதிகாரி கண்ணில் வந்து போனார். வாடகை வீடு வந்து போனது. ஒருவேளை ஒன்றும் ஆகாது. ஒருவேளை வெயில் நிஜமாகவே காய வைத்திருக்கும். கவுன்சிலர் தன் பேனாவைத் திறந்து நீட்டினார். வாங்கினாள். படிவத்தை முழங்கையில் தாங்கி, பேனாவின் முனையைக் கோட்டின் மேல் வைத்தாள்.

“ஏறினா என்ன ஆகும்?”

தையல்காரர் கேட்டார். அவர் வாய் திறந்து அங்கே யாரும் பார்த்ததில்லை.

“பத்துப் பேர் ஒண்ணா மேல நின்னா சாஞ்சிடும் ஐயா,” என்றாள். பொய் சொல்ல நேரம் கிடைக்கவில்லை.

“நிச்சயமா?”

“நானே குத்திப் பாத்தேன். தள்ளியும் பாத்தேன்.”

அவர் மேடையின் ஏணிக்குப் போனார். கீழ்ப்படியில் உட்கார்ந்து, இரண்டு கம்பியையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டார். எழுந்திருக்கப்போகிறவரைப் போல இல்லை.

கவுன்சிலர் பெரியவரே, பெரியவரே என்று குழைந்தார். கதவுப் பக்கம் பூட்டு உடைகிற மாதிரி சத்தம் கேட்டது. தாய் கோபமாகக் கணவரிடம் போனாள். ஆறு வருடம் நான் ஒருத்தி நாயாக அலைந்தேன், இன்றைக்கு வந்து கெடுக்கிறீர்களே என்றாள். எழுந்திருங்கள் என்று தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“பையனோட சவப்பெட்டிகூட வந்தானே அவன் கூட்டாளி, அவன் எங்கிட்ட மட்டும் ஒண்ணு சொல்லிட்டுப் போனான்,” என்றார் தையல்காரர். மனைவியின் முகத்தைப் பார்க்காமல், அவள் கால் விரல்களைப் பார்த்துச் சொன்னார். “உன்னால தாங்க முடியாதுன்னு நான் சொல்லல.”

அவள் கை தோளிலேயே நின்றது.

“நம்ம பையன் சண்டையில சாகலடி. எந்த எதிரியும் அவனைச் சுடல. மலையில இறங்கறப்போ அவன் வந்த லாரிக்குப் பிரேக் பிடிக்கல. கிளம்பறதுக்கு முன்னாடி, எல்லாம் சரியா இருக்குன்னு ஒருத்தன் வண்டியைத் தொட்டுக்கூடப் பாக்காம கையெழுத்துப் போட்டிருந்தான்.”