எங்கயாச்சும் பிடிக்குதா?

உடம்பைப் பார்த்து அதிசயப்படுகிற தொழில் இல்லை என்னுடையது. நான் தையல்காரி. எனக்கு ஒரு ஆள் என்றால் மார்பு, இடுப்பு, கை நீளம், கழுத்து இறக்கம், அவ்வளவுதான். முகம்கூட மறந்துபோகும், எந்தத் தோள் சரிவு என்பது மறக்காது. அப்படிப்பட்ட நான் போன சனிக்கிழமை காலையில் ஒரு நீச்சல்குளத்தின் ஓரத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அதுவும் யாரைப் பார்த்து? கூடப்பிறந்த அக்காவைப் பார்த்து.

அதற்கு முன் எங்கள் கடையைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கடையில் இரண்டு மெஷின். நான் வெட்டுவேன், என் வீட்டுக்காரர் பெரும்பாலும் தைப்பார். போட்டுப் பார்க்கிறவர்களிடம் நாங்கள் "பிடிக்குதா?" என்று மொட்டையாகக் கேட்பதில்லை. ஒருமுறை ஒரு டீச்சரம்மாவிடம் அப்படிக் கேட்டுவிட்டேன். அவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "ரொம்பப் பிடிக்குது" என்றார். இறுக்கிப் பிடிக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டு, கடமையே கண்ணாக இரண்டு பக்கமும் பிரித்துத் தாராளமாக விட்டுத் தைத்துக் கொடுத்தேன். மறுவாரம் வந்து நின்றார். அந்தச் சட்டைக்குள் பள்ளிக்கூடத்தையே சேர்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. அன்றிலிருந்து "எங்கயாச்சும் பிடிக்குதா?" என்றுதான் கேட்பது. எந்த இடத்திலாவது இறுக்குகிறதா என்று அர்த்தம். மனசுக்குப் பிடித்திருக்கிறதா என்பது எங்கள் பொறுப்பில்லை.

அக்காவிடம் இதைக் கேட்டால் பதில் எப்போதும் ஒன்றுதான். "பிடிக்குதுடி. இருக்கட்டும், இளைச்சிருவேன்."

அக்கா பெரிய உடம்புக்காரி. எனக்கு நினைவு தெரிந்த நாளாக இளைக்கப் போகிறாள். டேப்பை உடம்பில் வைக்க விடமாட்டாள். நான் அளவைச் சத்தமாகச் சொல்ல வீட்டுக்காரர் எழுதிக்கொள்வது கடை வழக்கம். அந்த எண் தெருவுக்குக் கேட்டுவிடும் என்று அவளுக்குப் பயம். அதனால் பையிலிருந்து ஒரு பழைய சட்டையை எடுத்து நீட்டுவாள். அளவுச் சட்டை கொண்டுவருவது எல்லோரும் செய்கிறதுதான். ஆனால் இவள் கொண்டுவருவது கல்யாணத்துக்கு முன் போட்ட சட்டை. அதே அளவில் தைத்துத் தரவில்லை என்றால் வேறு கடைக்குப் போய்விடுவேன் என்பாள். இப்படி அவள் அலமாரி முழுக்கத் துணிகள், இன்னும் வந்து சேராத ஒருத்திக்காகக் காத்துக் கிடக்கின்றன. இருக்கிறவளோ இரண்டே இரண்டு தொளதொள அங்கிகளில் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

சாப்பாடும் அப்படித்தான். நாலு பேர் முன்னால் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, வேகவைத்த காயில் நாலு துண்டைத் தட்டில் உருட்டிக்கொண்டிருப்பாள். எல்லோரும் எழுந்து போனதும் அடுப்படியில் நின்றபடி பாத்திரத்தோடு சாப்பிடுவாள். பிறகு அழுவாள். மறுநாள் பட்டினி. அரைத்த மாவையே அரைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

இந்த வருஷம் முட்டி பிடித்துக்கொண்டது. அவள் இருப்பது மாடி வீடு. படி இறங்குவது குறைந்தது, பிறகு அறவே நின்றது. நாற்காலி, கட்டில், ஜன்னல். இப்படியே உட்கார்ந்திருந்தால் கால் மடக்க வராமலே போய்விடும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது. கடைசியில் அவள் மகன் கைத்தாங்கலாக ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனான். திரும்பும் வழியில் நேராக என் கடைக்கு வந்தாள்.

"அந்த டாக்டர் எடையே பார்க்கலடி," என்றாள் சந்தேகத்தோடு. "படிச்சவங்கதானான்னே தெரியல."

"வேற என்னதான் பார்த்தாங்க?"

"முட்டியைப் பார்த்தாங்க. அப்புறம், சின்ன வயசுல உங்க உடம்பு எங்க சந்தோஷமா இருந்துச்சுன்னு கேட்டாங்க. யாராச்சும் அப்படிக் கேப்பாங்களா?"

"நீ என்ன சொன்ன?"

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தண்ணியிலன்னு சொன்னேன்."

எனக்கு அது காதுவழிச் செய்திதான். பெரியவள் தண்ணீரில் இறங்கினால் மீன் தோற்கும் என்று அம்மா சொல்வாள். நான் பார்த்ததில்லை. நான் நடக்கப் பழகும் முன்பே அவள் நீச்சலை விட்டுவிட்டாள். பதிமூன்று வயதில் ஒருநாள், குளத்தில் குதிக்கப் போனவளைப் பார்த்து உறவுக்காரர் ஒருத்தர், "ஒதுங்குங்கப்பா, தண்ணி வெளிய வழியப் போவுது" என்று சொல்லிவிட்டாராம். கரையில் இருந்தவர்கள் சிரித்தார்களாம். அவ்வளவுதான் காரணம்.

"அப்ப தண்ணிக்கே போங்கன்னு சொல்லிட்டாங்க. இளைக்கிறதுக்காகன்னு நினைச்சுப் போகாதீங்க, முட்டிக்கும் மனசுக்கும் போங்கன்னாங்க. சனிக்கிழமை காலையில பெண்களுக்குன்னு தனி நேரம் இருக்காம். பட்டினி கிடக்கக் கூடாதாம், பசிச்சா உக்கார்ந்து சாப்பிடணுமாம்." அக்கா பையைத் திறந்தாள். "எனக்கு நீச்சல் உடை எந்தக் கடையிலயும் கிடைக்காது. நீ தைச்சுத் தா. போய்ப் பார்க்கிறேன். இதுவும் நடக்கலைன்னா இனி அந்த மாடியை விட்டு இறங்கமாட்டேன். என்னைக் கூப்பிடாதீங்க."

சொல்லிவிட்டு அந்தப் பழைய அளவுச் சட்டையை எடுத்து நீட்டினாள்.

எனக்கு வந்ததே கோபம். அந்தச் சட்டையைப் பிடுங்கி நாலாக மடித்தேன். என் மெஷினுக்கு ஒரு கால் குட்டை, ஆடிக்கொண்டே இருக்கும். அதன் அடியில் செருகினேன்.

"அது நல்ல சட்டைடி," என்றாள் அக்கா பதறிப்போய்.

"நல்ல சட்டைதான். இப்பதான் உருப்படியா ஒரு வேலை செய்யுது."

டேப்பை எடுத்தேன். அவள் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டாள். டேப்பைக் கீழே வைத்தேன். பாவாடைக்குக் கோக்கிற வெள்ளை நாடா ஒரு சுருள் கிடந்தது. அதில் எண் எதுவும் இல்லை. அதை எடுத்து அவளைச் சுற்றிப் பிடித்து, முனை சேர்ந்த இடத்தில் வெட்டினேன். இது மார்பு, ஒரு முடிச்சு. இது இடுப்பு, இரண்டு முடிச்சு. எத்தனை அங்குலம் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வீட்டுக்காரர் எழுதுவதற்கு ஒன்றும் இல்லாமல் தேநீர் போடப் போனார்.

அக்காவின் உடம்பை நான் அன்றுதான் தொட்டுப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். முதுகு எவ்வளவு அகலம். தோள் எவ்வளவு திடம். அப்பா படுக்கையில் விழுந்தபோது அவரைக் குழந்தைபோலத் தூக்கிக் குளிப்பாட்டிய கை அது. இரண்டு பிள்ளைகள் உருவான வயிறு. நாடா ஒவ்வொரு முறையும் சுற்றி வரும்போது, என் கை அவளை அணைத்துக்கொள்வதுபோல் முழுவதும் போய்த் திரும்ப வேண்டியிருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். எனக்கு என்னவோ போலாகிவிட்டது. இந்த உடம்பைத்தான் இத்தனை வருஷம் திட்டிக்கொண்டிருந்தாளா?

மதியம் வீட்டுக்காரர், தான் சமைத்த சாப்பாடு இருந்த அடுக்குப் பாத்திரத்தைத் திறந்தார்.

"எனக்கு வேணாம் மாப்பிள்ளை. காலையில கொஞ்சம் அதிகமாயிருச்சு."

"சாப்பிடுங்கன்னு சொல்லலக்கா. பசிக்குதான்னுதான் கேக்கறேன்."

அந்தக் கேள்விக்கு அவள் அவ்வளவு யோசிப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "பசிக்குது," என்றாள், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரலில்.

"அப்ப உக்காருங்க."

உட்கார்ந்து சாப்பிட்டாள். நடுவில் ஒருமுறை நிறுத்திவிட்டு, "நல்லாருக்கு," என்றாள். வீட்டுக்காரருக்குத் தலை கால் புரியவில்லை. கல்யாணமான நாளாக என்னிடம் அந்தச் சொல்லை வாங்க முடியாதவர்.

கறுப்புத் துணியில் முட்டிவரை கால், அரைக் கை. அந்த உடையை வெட்டியதும் நானே, தைத்ததும் நானே. தேவைப்பட்டால் பிரித்துத் தளர்த்த, பக்கத்தில் உள்ளே கொஞ்சம் துணி விட்டேன். வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்காரர் போனில் ஏதோ பேசிவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யார் என்று கேட்டேன். பட்டன் கடைக்காரர் என்றார். பட்டன் கடைக்காரரோடு பேசிவிட்டு யாரும் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆனால் வேலை நெருக்கடியில் விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலை, உடை மாற்றும் அறைக்கு வெளியே நான் நின்றிருந்தேன். மற்ற பெண்கள் ஒவ்வொருவராகப் போய்த் தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். சொல்லிக்கொடுக்கிற பெண் கழுத்தில் விசிலோடு வந்து கதவைத் தட்டினாள். "உள்ள யாரு? ஆரம்பிக்கப் போறோம்."

நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அக்கா பெஞ்சில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தக் கறுப்பு உடை.

"ஏறல," என்றாள். "வீட்டுக்குப் போலாம்."

"நான் வெட்டினது ஏறாம எங்க போகும்?"

அவள் தரையைப் பார்த்தாள். "நேத்து மாப்பிள்ளைக்குப் போன் பண்ணேன். ரெண்டு பக்கமும் ரெண்டு விரல் உள்ள பிடிச்சுத் தைக்கச் சொன்னேன். உன்கிட்ட சொல்ல வேணாம்னேன். இந்த வாரம் ராத்திரி எதுவும் சாப்பிடலடி. இளைச்சிருப்பேன்னு நினைச்சேன்." உடையை என் பக்கம் தள்ளினாள். "எனக்கு இதெல்லாம் ஆகாது. மாடியிலயே இருந்துக்கறேன்."

வானத்துக்கும் பூமிக்கும் குதிக்க வேண்டிய நேரம் அது. என் சுபாவத்துக்கு நான் குதித்திருக்கவும் வேண்டும். ஆனால் துண்டுக்கு மேலே தெரிந்த அந்தத் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. என்னால் ஒரு வார்த்தை கடிந்து பேச முடியவில்லை. உடையை வாங்கி உட்புறம் வெளியே வரத் திருப்பினேன். பக்கத்தில் இரண்டு வரி தையல். வெளி ஓரத்தில் இருந்தது என்னுடையது, நெருக்கமாக, அடக்கமாக. அதற்கு இரண்டு விரல் உள்ளே இன்னொன்று. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மெஷினில் வைக்க முடிகிற மிக நீளமான தையல் அது. துணியைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கத்தான் அப்படி ஓட்டுவோம். முனையில் முடிச்சுகூடப் போடவில்லை. பெரியவளின் பேச்சைத் தட்டவும் மனசில்லை, அவள் சொன்னபடி இறுக்கவும் மனசில்லை அந்த மனுஷனுக்கு. பையிலிருந்த பிளேடால் ஓர் இடத்தில் நூலை வெட்டி இழுத்தேன். முழு நூலும் ஒரே இழுப்பில் கையோடு வந்தது. மறுபக்கமும் அப்படியே.

"அவ்வளவுதானா?" என்றாள் அக்கா.

"அவ்வளவுதான்க்கா. உன் அளவு உள்ளயேதான் இருந்துச்சு. போடு."

போட்டாள். ஏறியது.

குளத்துப் படியில் அவள் இறங்கியதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு படியாக இறங்கினாள். தண்ணீரில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி சிரித்திருந்தால்கூட அவளைக் குளத்திலேயே முக்கியிருப்பேன். யாரும் சிரிக்கவில்லை. தண்ணீர் இடுப்புவரை வந்ததும் அக்கா கம்பியை விட்டாள். அங்கேயே நின்றாள். உள்ளங்கையால் தண்ணீரை மெல்லத் தடவினாள். பிறகு அப்படியே பின்னால் சாய்ந்தாள், பின்னால் ஒன்று தன்னைத் தாங்கும் என்று தெரிந்தவள் சாய்கிற மாதிரி.

தாங்கியது.

சுற்றி இருந்தவர்கள் மிதவைப் பலகையைக் கட்டிக்கொண்டு, காலை உதைத்து, மூக்கில் தண்ணீர் ஏறி, மிதப்பதற்குப் போராடிக்கொண்டிருந்தார்கள். என் அக்கா ஒன்றுமே செய்யவில்லை. மல்லாந்து கிடந்தாள், அவ்வளவுதான். மார்பும் வயிறும் தொடையும் தண்ணீருக்கு மேலே அமைதியாக ஏறி இறங்கின. பிறகு ஒரு கை எழுந்தது. தலைக்கு மேலே போய்ச் சத்தமில்லாமல் உள்ளே இறங்கியது. அடுத்த கை. அத்தனை பெரிய உடம்பு குளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போனது. திரும்பியது. வந்தது. நான் குனிந்து குளத்தின் விளிம்பைப் பார்த்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே வழியவில்லை.

"எங்க கத்துக்கிட்டாங்க இவங்க?" என்று விசில்காரி கேட்டாள். விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டாள்.

"எனக்குத் தெரியாதும்மா. எனக்கு முன்னாடியே கத்துக்கிட்டா."

எத்தனை உடம்புக்கு வெட்டியிருக்கிறேன். துண்டு துண்டாகத்தான் பார்த்திருக்கிறேன் என்று அங்கே நின்றபோது தெரிந்தது. முழுதாக ஒரு உடம்பு எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். எங்கே குறைக்க வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால் என் கத்தரிக்கோலைத் தூக்கி எறிந்திருப்பேன். இவ்வளவு அழகான ஒன்றை மாடியில் பூட்டி வைத்திருந்தோமே என்று என்னையே நொந்துகொண்டேன். பெருமையாக இருந்தது. கொஞ்சம் மிரட்சியாகவும் இருந்தது, ஏனென்றால் அவள் எனக்குத் தெரிந்த அக்காவாகவே இல்லை. எனக்கு முன்னால் பிறந்தவள், எனக்கு முன்னால் இருந்தவள். நான் பார்க்காத அந்தப் பெண் அங்கே போய்க்கொண்டிருந்தாள்.

நேரம் முடிந்து மற்றவர்கள் ஏறிவிட்டார்கள். அக்கா ஏறவில்லை. விசில்காரியும் கூப்பிடவில்லை. நான் ஓரத்தில் மண்டியிட்டேன். மனசில் இருந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. தொழில் புத்திதான் வந்தது.

"அக்கா, எங்கயாச்சும் பிடிக்குதா?"

அவள் மிதந்தபடியே கண்ணைத் திறந்தாள். தன் கையைத் தூக்கிப் பார்த்தாள். வயிற்றைப் பார்த்தாள். தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால் விரல்கள்வரை நிதானமாகப் பார்த்தாள்.

"எல்லா எடத்துலயும் பிடிக்குதுடி," என்றாள்.

நான் பதறிப்போய்ப் பையில் கையை விட்டேன். எந்தப் பக்கத்தைப் பிரிப்பது என்று யோசித்தபடி பிளேடை எடுத்துவிட்டேன். அதற்குள் அவள் மறுபடி கையை வீசி நடுக் குளத்துக்குப் போயிருந்தாள். சிரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.