பதினொரு தென்னங்குழிகள்

சூறாவளி அடித்த அன்று சல்மா உம்மாவின் வளவில் நின்ற பதினொரு தென்னைகளும் வேரோடு சாய்ந்தன. மரங்களைப் பிறகு யார் யாரோ வந்து துண்டு போட்டுக் கொண்டு போனார்கள். குழிகளை யாரும் கொண்டு போகவில்லை.

அந்த வளவு எங்கள் ஒழுங்கையில், எங்கள் வீட்டுக்கும் சுபைறா சாச்சியின் வீட்டுக்கும் நடுவில் இருந்தது. அதில் இருந்த வீடும் அதே நாளில் விழுந்தது. சல்மா உம்மாவின் ஒரே மகள் லைலா சுவருக்கு அடியில் அகப்பட்டு மௌத்தாகிப் போனாள். எங்கள் பக்கம் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான் போகும், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். லைலாவின் பேருக்கு எழுதி வைத்திருந்த வளவு அது. பிள்ளையை அடக்கிய பிறகு சல்மா உம்மா அக்கரைப்பற்றில் இருக்கும் தங்கச்சியின் வீட்டுக்குப் போனார். மூன்று வருஷமாகியும் அவர் திரும்பி வரவில்லை.

ஆள் வராத வளவு குப்பை போடத்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். மீன் செதில், கோழி இறகு, உடைந்த சட்டி, எதிரே கடை வைத்திருந்த அச்சிமுகம்மது காக்காவின் கருவாட்டுப் பெட்டிகள் எல்லாம் அங்கேதான் போயின. எங்கள் உம்மாவும் போட்டார். நானும் போட்டிருக்கிறேன். மாரி மழையில் குழிகள் நிரம்பிப் பச்சையாகிவிடும். பொழுது சாய்ந்தால் நுளம்பு கும்மென்று எழும்பும்.

சுபைறா சாச்சியின் மகள் கமீலாவுக்கு ஐந்து வயது. ஒரே வருஷத்தில் அவளுக்கு மூன்று தரம் மலேரியா வந்தது. மூன்றாவது தரம் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தாள். திரும்பி வந்தபோது அவளுடைய வயிறு மட்டும்தான் பெரிதாக இருந்தது, கை கால் எல்லாம் ஈர்க்கில் போல. இன்னொரு தரம் வந்தால் பிள்ளை தாங்காது, வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்க விடாதே என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். சாச்சியின் புருஷன் லொறி ஓட்டப் போனால் மாதத்துக்கு ஒரு முறைதான் வருவார்.

ஆஸ்பத்திரியால் வந்த மறுநாளே சாச்சி எங்கள் வேலிக்கு வந்து உம்மாவைக் கூப்பிட்டார்.

"ஆமினா ராத்தா, மண்வெட்டிய கொஞ்ச நாளைக்குத் தாங்க."

"என்னத்துக்குகா?"

"அந்தக் குழியெல்லாம் மூடப் போறன்."

உம்மா பயந்துபோனார். "அடுத்தவங்கட வளவுக்க கால வைக்கப் போறியா? சல்மா மச்சி வந்து கேட்டா என்ன சொல்லுவாய்?"

"வந்து கேட்டா நல்லம்தானே. அவங்க வரல்லயே. நுளம்பு மட்டும் ஆரையும் கேக்காம என்ட வீட்டுக்க வருது."

உம்மா மண்வெட்டியைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, நான் தந்ததாகச் சொல்லாதே என்றும் சொன்னார்.

பெரியபிள்ளையாகி, பள்ளிக்கூடம் போகாமல் நான் வீட்டில் நின்ற வருஷம் அது. வேலியின் ஓலைக் கிடுகில் ஒரு ஓட்டை இருந்தது. அதற்குள்ளால் அந்த வளவு முழுக்கத் தெரியும். சாச்சி முதலில் குப்பையைக் கூட்டிக் குவித்து எரித்தார். அதற்கே ஆறு நாள் பிடித்தது. பிறகு குழிகளுக்கு மண் தேடினார். சூறாவளியில் கடல் ஏறி வந்தபோது ஒழுங்கையின் கடைசியில் ஒரு பெரிய மணல் மேடு ஒதுங்கியிருந்தது. அது சைக்கிளை மறிக்கிறது, கடைக்குள் மண் பறக்கிறது என்று எல்லோரும் ஏசுவார்கள், யாரும் அள்ளமாட்டார்கள். சாச்சி சுபஹு தொழுதுவிட்டு, முக்காட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, கடகத்தில் அந்த மணலைச் சுமந்தார். ஒரு குழிக்கு எழுபது, எண்பது கடகம் போனது. ஆண்கள் ஒழுங்கையில் நடமாடத் தொடங்கும்போது அவர் கை கால் கழுவிவிட்டு வீட்டுக்குள் இருப்பார்.

ஒருநாள் கொஞ்சம் பிந்திவிட்டது. கடை திறக்க வந்த அச்சிமுகம்மது காக்கா கண்டுவிட்டார்.

"என்ன சுபைறா, கடலயே அள்ளி வளவுக்க கொட்டுறாய் போல?"

"கடல் கொண்டாந்து போட்ட மண்ணுதான் காக்கா. கடைக்கு முன்னால கிடக்கெண்டு நீங்கதானே நாளும் பொழுதும் ஏசினீங்க."

"அது சரி, இந்த வளவ உன்ட பேருக்கு எப்ப எழுதின?"

"நுளம்புட பேரிலதான் கிடந்திச்சி. அதத்தான் வெட்டி எடுக்கன்."

தேத்தண்ணி குடிக்க வந்து நின்றவர்கள் சிரித்தார்கள். காக்காவும் சிரித்தார். ஆனால் அன்று அந்தி படும்வரை தன் கடைப் படியில் இருந்து அந்த வளவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொரு குழிகளும் மூட இரண்டு மாதம் சென்றது. விழுந்த வீட்டின் குவியலை மட்டும் சாச்சி தொடவில்லை. ஓடு, கதவுநிலை, செங்கல் எல்லாம் விழுந்தபடியே, கொடி படர்ந்து கிடந்தன. செங்கல்லைப் போட்டிருந்தால் குழிகள் பாதி நாளில் மூடியிருக்கும். உம்மா அதைச் சொல்லியும் பார்த்தார்.

"இடிஞ்சாலும் வீடுதானே ராத்தா" என்றார் சாச்சி. "வாசல்ல நிண்டு ஸலாம் சொன்னா, பதில் சொல்ல ஆள் இல்லாட்டித் திரும்பிப் போகணும். அப்பிடித்தானே ஓதித் தந்திருக்காங்க?"

உம்மா உள்ளே வந்துவிட்டார். அன்றைக்கு மீன் செதிலை எங்கள் வளவிலேயே குழி தோண்டிப் புதைத்தார்.

ஒழுங்கைப் பக்கம் திறந்து கிடந்ததால் மாடுகள் உள்ளே வந்து புது மணலை உழக்கின. கண் மறைந்தால் யாரோ குப்பையும் கொட்டினார்கள். வேலி கட்டாமல் முடியாது. ஆனால் எங்கள் ஊரில் வேலி கட்டுவதும் வளவு எனது என்று சொல்வதும் ஒன்று. வேலியை எப்போதும் உள்ளே நின்றுதான் கட்டுவார்கள். கதியால் கம்புகளும் குறுக்கு வரிச்சும் கயிற்றுக் கட்டும் உள்பக்கம் இருக்கும். தெருவில் போகிறவருக்குக் கிடுகின் முகம் மட்டும் தெரியும். கட்டு எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தவர்தான் சொந்தக்காரர். சண்டை வந்தால் பள்ளிவாசல் மரைக்காயர்மார் முதலில் பார்ப்பதும் அந்தக் கட்டைத்தான்.

சுபைறா சாச்சி ஒரு வெள்ளிக்கிழமை, ஆண்கள் எல்லோரும் ஜும்ஆவுக்குப் போன நேரத்தில், ஒழுங்கையில் நின்றுகொண்டு வேலியைக் கட்டினார். கட்டு முழுவதும் தெருப்பக்கம். கிடுகின் முகம் வளவுக்குள்.

பள்ளியால் வந்த ஆண்கள் நின்று பார்த்துச் சிரித்தார்கள்.

"என்ன புள்ள, சட்டைய மறுபக்கம் போட்ட மாதிரிக் கட்டியிரிக்காய்? போறவன் வாறவன் எல்லாம் அவிழ்க்கப் போறான்."

"அவிழ்க்கட்டும்" என்று சாச்சி வீட்டுக்குள் இருந்தபடியே சொன்னார். "சல்மா மாமி வந்தா என்னக் கூப்பிடாம அவவே அவிழ்த்துக்கிட்டு உள்ள போவா."

யாரும் அவிழ்க்கவில்லை. அப்படி எல்லோருக்கும் முன்னால் கிடக்கும் கட்டுகளில் கை வைக்க வெட்கமாக இருந்ததோ என்னவோ, குப்பை போடுவதும் நின்றுபோனது.

மாரி பிடித்தது. நாலு நாள் விடாமல் கொட்டியது. நான் ஓட்டையால் பார்த்துக்கொண்டே இருந்தேன். குழிகள் இருந்த இடத்தில் தண்ணீர் நின்று, மணலுக்குள் இறங்கி, இல்லாமல் போனது. ஐந்தாம் நாள் சாச்சி வெறும் காலோடு வளவெங்கும் நடந்தார். எங்கேயும் கால் புதையவில்லை.

மாரி ஓய்ந்து இரண்டு மாதத்தில் கமீலாவுக்கு நாலாம் தரம் காய்ச்சல் வந்தது.

மூன்று சாறன் போர்த்தியும் பிள்ளை நடுங்கியது. அந்த நடுக்கத்தில் கட்டில் ஆடும் சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்டது. சாச்சி ஆஸ்பத்திரிக் குளிசையை அரைத்துத் தேனில் குழைத்துக் கொடுத்துவிட்டு, ஒரு தடியை எடுத்துக்கொண்டு வளவுக்குப் போனார். ஒவ்வொரு குழியாகக் குத்திப் பார்த்தார். எல்லாம் காய்ந்த மணல். தன் வீட்டுச் சிரட்டை, பானை எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்தார். பிறகு படியில் போய் இருந்துவிட்டார். அவர் சும்மா இருந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஒழுங்கையில் கதை வேறு மாதிரிப் போனது. அடுத்தவங்கட மண்ணத் தொட்டா இப்பிடித்தான் என்றார்கள். அச்சிமுகம்மது காக்கா சாமான் எடுக்க அக்கரைப்பற்றுக்குப் போனபோது, சல்மா உம்மாவிடம் போய், சுபைறா உங்கள் வளவைப் பிடித்து வேலி கட்டிவிட்டாள் என்று சொல்லிவிட்டு வந்தார். அவர் பொய்யென்று நினைத்துச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பகல் பஸ்ஸில் சல்மா உம்மா வந்து இறங்கினார். கறுப்புக் குடையை மடக்காமல் வேலிக்கு முன்னால் நின்றார். பின்னால் அச்சிமுகம்மது காக்கா.

"நான் சொன்னன்தானே மச்சி, பாருங்க. வேலி கட்டினா வளவு புடிச்ச மாதிரித்தானே."

சல்மா உம்மா கட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வேலியின் ஒரு முனையில் இருந்து மறு முனை வரைக்கும் நடந்தார்.

"அச்சிமுகம்மது, வளவு புடிக்கிறவள் கட்டத் தெருப்பக்கம் வச்சா கட்டுவாள்?"

"கட்டத் தெரியாமக் கட்டியிரிப்பாள்."

"நம்மட ஊர்ப் பொம்புளைக்கு வேலி கட்டத் தெரியாதா? உன்ட பொண்டாட்டிக்கிட்டயும் இப்பிடிச் சொல்லிப் பாரன்."

சல்மா உம்மா குடையை மடக்கி, கட்டுகளை அவிழ்த்து, தன் வளவுக்குள் போனார். உம்மாவும் நானும் எங்கள் வேலிக் கடப்பால் உள்ளே போனோம். கமீலாவை இடுப்பில் வைத்துக்கொண்டு சுபைறா சாச்சியும் வந்தார். சாச்சியின் குரல் கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது.

"மாமி, கேக்காமச் செஞ்சது பிழதான். வேலியப் புடுங்கிப் போடுங்க. குழிய மட்டும் திருப்பித் தோண்டிராதீங்க. இந்தப் புள்ளைக்கு நாலு தரம் காய்ச்சல். இனித் தாங்காதெண்டு டாக்டர் சொல்லிட்டார்."

சல்மா உம்மா பிள்ளையின் நெற்றியில் கை வைத்தார். "காய்ச்சல் எப்ப கடைசியா வந்த?"

"இந்தக் கிழமைதான்."

"குழியெல்லாம் மூடின புறகா?"

"ஓம் மாமி. எங்க தண்ணி நிக்குதெண்டு தெரியல. எல்லா இடமும் பாத்துட்டன்."

சல்மா உம்மா வந்ததிலிருந்து அந்தக் குவியலின் பக்கம் திரும்பவே இல்லை. இப்போது திரும்பினார்.

"குசினிக்குள்ள பாத்தியா?"

"உங்கட வீட்டுக்குள்ள நான் எப்பிடி மாமி போற?"

சல்மா உம்மா மடக்கிய குடையால் குவியலின் ஒரு மூலையைக் காட்டினார். பிறகு, "நெல்லு ஊறப்போட ஒரு சீமெந்துத் தொட்டி கட்டின. அந்தத் தொட்டி கூரைக்கு அடியில கிடக்கும்" என்றார். "லைலாட கலியாணத்துக்கு நெல்லு அவிக்கக் கட்டினது. ஒரு தரம்கூட நெல்லுப் போடல்ல."

அவரே முதலில் போனார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கொடியை இழுத்தார். ஓடுகளை எடுத்து ஒரு பக்கம் வைத்தார். சுவர் விழுந்த இடத்துக்குக் கிட்டப் போனபோது அவர் கை நின்றது. சாச்சி குவியலின் எல்லையிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்காய்? வா உள்ள" என்றார் சல்மா உம்மா. "தனிய என்னால ஏலாது."

சாச்சி பிள்ளையை என் கையில் தந்துவிட்டுப் போனார். இரண்டு பேரும் ஒரு கூரை வளையைப் பிடித்து நகர்த்தினார்கள். அதற்குக் கீழே தொட்டி முழுக்கக் கறுப்புத் தண்ணீர். நூல் துண்டுகள் போல நுளம்புப் புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன. மூன்று வருஷமாக ஓட்டு இடுக்குகளால் மழை இறங்கி, வெயில் படாமல் அங்கேயே நின்ற தண்ணீர். ஒழுங்கையில் எல்லோரும் தொட்டுப் பார்க்காமல் விட்டது லைலா மௌத்தான இடம் என்ற பயத்தில். சாச்சி விட்டது மரியாதையில்.

உம்மா வாளி கொண்டு வந்தார். அள்ளி அள்ளி வெயில் மணலில் ஊற்றினோம். அச்சிமுகம்மது காக்கா போய்விட்டார் என்று நினைத்தேன். அவர் கடையில் இருந்து இரும்பு அலவாங்கைத் தூக்கிக்கொண்டு வந்து, வேலிக்கு வெளியே நின்று இருமினார்.

"தொட்டிட அடிய உடைச்சிருங்க மச்சி. இல்லாட்டி அடுத்த மாரிக்கு மறுகா நிரம்பும்."

"உடைக்க வேணாம் மாமி" என்றார் சாச்சி அவசரமாக. "நான் மண்ணப் போட்டு மூடிருவன். பிள்ளைக்கெண்டு கட்டின தொட்டி."

"பிள்ளைக்கெண்டுதான் உடைக்கன்" என்று சொல்லி, சல்மா உம்மா என் இடுப்பில் இருந்த கமீலாவைப் பார்த்தார். அலவாங்கை வாங்கி முதல் குத்துக் குத்தினார். சீமெந்து தெறித்தது. இரண்டாவது குத்துக்கு மூச்சு வாங்கியது. சாச்சி அலவாங்கின் மறுபாதியைப் பிடித்துக்கொண்டார். அடி பிளந்து, மிச்சத் தண்ணீர் சுர் என்று மணலுக்குள் இறங்கியது.

பிறகு இரண்டு பேரும் உடைந்த தொட்டியின் விளிம்பில் இருந்து தேத்தண்ணி குடித்தார்கள்.

"வெறும் வளவாக் கிடந்தா மறுகா குப்ப கொட்டுவாங்க" என்றார் சல்மா உம்மா. "என்னத்தயாவது நடு."

"உங்கட வளவில உங்களுக்கு என்ன விருப்பமோ அத நடுறன், மாமி."

சல்மா உம்மா மணலைக் காலால் கிண்டிப் பார்த்தார். "இந்த மண்ணுக்கு மரவள்ளிதான் நல்லா இறங்கும். லைலா மரவள்ளிக் கிழங்கக் கண்ணால காணமாட்டாள், ஆக்கின அண்டைக்குப் பட்டினி கிடப்பாள்." அதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணி வரச் சிரித்தார். "இரிக்கட்டும். நீ மரவள்ளியே நடு."