நாய் குடித்த இரண்டு மில்லிமீட்டர்

1

இந்தக் கதை எனக்கு ரொட்டிக்கடை வரிசையில் கிடைத்தது. முன்னால் நின்ற தெஸ்பினா திரும்பிப் பார்த்து, "நீங்க எதையாவது எழுதிக்கிட்டே இருப்பீங்களாமே, என் நாயப் பத்தி எழுதுங்க. ஆனா அதத் திட்டக்கூடாது" என்றாள். சரி என்றேன். அன்றே உட்கார்ந்து எழுதினேன்:

"சூரியன் ஏரியின்மீது தன் பொற்கரங்களை…"

[வேண்டாம்.]

"நீர் என்பது ஒருவகை நினைவு…"

[இது அதைவிட மோசம்.]

ஆகவே நேராகவே சொல்கிறேன். டோப்ரோஜா என்ற கடற்கரைப் பகுதியில் எங்கள் ஊரில் இரண்டு ஏரிகள். சேற்றுக் குளியலுக்கு ஆட்கள் வந்து விழும் உப்பேரி ஒன்று. மீன் வளர்க்கும் நன்னீர் ஏரி ஒன்று. நடுவில் ஒரு மண்கரை. கரைமேல் இரண்டு தகரத் தொட்டிகள், ஒன்றில் உப்புநீர், மற்றதில் நல்ல நீர். தினமும் காலை ஏழு மணிக்கு அவற்றில் எவ்வளவு வற்றியிருக்கிறது என்று அளந்து எழுதுவது தெஸ்பினாவின் வேலை. இருபத்தாறு வருஷமாக ஒரு நாளும் தப்பாக எழுதியதில்லை. அதை அவளே சொல்லுவாள், கேட்காமலே.

2

அந்த ஜூலையில் ஒரு துளி மழை இல்லை. மீன் ஏரி ஒரே மாதத்தில் இருபத்தேழு சென்டிமீட்டர் இறங்கிவிட்டது. ஏரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த ரெஜெப், தோட்டக்காரர்களுக்குத் தண்ணீர் விற்றுவிட்டான் என்று யாரோ புகார் எழுதிப்போட்டார்கள். நிரூபணமானால் குத்தகை போகும். விசாரிக்க லுபாஷ்கு என்ற பொறியாளர் வருவதாக இருந்தது.

"நான் விக்கல தெஸ்பினா, வெயில்தான் குடிச்சுது" என்றான் ரெஜெப்.

"வெயில் என்ன குடிச்சுதுன்னு என் நோட்டு சொல்லும்."

நோட்டு சொன்னது: நாளுக்கு ஒன்பது மில்லிமீட்டர். முப்பது நாளுக்கு இருபத்தேழு சென்டிமீட்டர். பிசிறில்லாமல் பொருந்தியது. ரெஜெப் அவளுக்குப் புகைபோட்ட கெண்டைமீன் கொண்டுவந்து கொடுத்தான். அவளுக்கும் அந்த எண்ணைப் பிடித்துவிட்டது. உப்புத் தொட்டி ஆறரைதான் காட்டுகிறதே, நன்னீர் மட்டும் ஏன் இவ்வளவு எகிறுகிறது என்று ஒரு தடவை தோன்றியது. இந்த வருஷக் கோடை அப்படி என்று நினைத்துக்கொண்டாள்.

(கணக்கு தெரிந்த வாசகருக்கு: தகரத் தொட்டி சூடேறுகிற அளவுக்கு ஏரி சூடேறாது, அதற்கென்று ஒரு கழிவு உண்டு. கழித்தபிறகு வந்த எண்களைத்தான் தருகிறேன். கடிதம் போட வேண்டாம்.)

3

விசாரணைக்கு முதல் நாள் நண்பகல், மறந்துவிட்ட கண்ணாடியை எடுக்கக் கரைக்கு வந்தாள். நன்னீர்த் தொட்டிக்குள் அவளுடைய நாய் மூர்கு உட்கார்ந்திருந்தது. குடித்தது, புரண்டது, வெளியே குதித்து உடம்பை உதறியது. போன கோடையில் குட்டி. இந்தக் கோடையில்தான் விளிம்பு எட்டும் அளவுக்கு வளர்ந்திருந்தது. பக்கத்து உப்புத் தொட்டியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

தெஸ்பினா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

[இங்கே அவளை நோட்டைக் கிழிக்கவைத்து ஒரு பக்கம் எழுதினேன். படித்துக்காட்டியபோது, "நோட்ட யாராவது கிழிப்பாங்களா?" என்றாள். எடுத்துவிட்டேன்.]

உப்புநீர் எப்போதும் கொஞ்சம் மெதுவாகத்தான் வற்றும். நூறு மில்லிமீட்டர் நன்னீர் போகிற நேரத்தில் உப்பேரித் தண்ணீர் தொண்ணூற்று மூன்று போகும். பழைய நோட்டுகள் எல்லாமே அப்படித்தான் சொல்லின. அப்படியானால் உப்பு ஆறரைக்கு நன்னீர் ஏழு. வெயில் குடித்தது இருபத்தோரு சென்டிமீட்டர். மீதி ஆறு?

4

ரெஜெப் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நாய்தானே? விடு. யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

"நாளைக்கு ஒரு நாள் தெரியாம இருந்துக்கோ."

"ரெஜெப், அந்த ஆறு சென்டிமீட்டர் எங்க போச்சு?"

அவன் வலையைக் கீழே போட்டான். "இத்தன வருஷமாப் பக்கத்து வீட்ல இருக்க. நீயும் கேக்குற பாரு."

அவள் திரும்பி வந்துவிட்டாள். அந்தக் கேள்வி அவளுக்கே கசந்தது. ஆனால் கேட்காமல் இருந்திருந்தால் இன்னும் கசந்திருக்கும்.

நோட்டுகள் இருக்கும் அறைக்கு வந்து, யாரும் புகார் எழுதாததால் யாருமே கணக்குப் பார்க்காத உப்பேரியின் பக்கத்தைப் புரட்டினாள். நாளுக்கு ஆறரை என்றால் அது பத்தொன்பதரை சென்டிமீட்டர் இறங்கியிருக்க வேண்டும். இறங்கியது பதினேழுதான். மழையில்லாத மாதத்தில் இரண்டரை சென்டிமீட்டர் எங்கிருந்தோ உள்ளே வந்திருக்கிறது. உப்பேரி மீன் ஏரியைவிட இரண்டு மடங்கு பெரியது. அங்கே இரண்டரை என்றால் இங்கே ஐந்து.

5

மறுநாள் ஊர் மன்றத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து, "என் ஜூலை மாசக் கணக்கு தப்பு" என்றாள். ரெஜெப் கண்ணை மூடிக்கொண்டான்.

"என்ன காரணம்?" என்றார் லுபாஷ்கு.

"நாய்."

ஊரே சிரித்தது. அவள் காது சிவந்தது, ஆனால் உட்காரவில்லை.

"அம்மா, இத நான் அறிக்கையில எப்படி எழுதுறது?"

"நாய்னே எழுதுங்க. சின்ன வார்த்தைதான்." பிறகு உப்பேரிக் கணக்கை எடுத்துவைத்தாள். "தண்ணிய யாரும் விக்கல சார். கரைக்கு அடியில உப்பேரிக்குள்ள ஒழுகுது."

திங்கட்கிழமை தோண்டிப் பார்த்தார்கள். கரையின் அடிவயிற்றில் நீரெலிகள் குடைந்த வளைகள் மூன்று. ஒன்றில் கை முழங்கைவரை போனது. கரையை அடைத்தார்கள். புகார் தள்ளுபடியானது. ரெஜெப் இரண்டு வாரம் தெஸ்பினாவோடு பேசவில்லை. மூன்றாவது வாரம் வந்து, நாய் எட்டாத உயரத்தில் தொட்டியைச் சுற்றி வேலி கட்டிக்கொடுத்தான்.

6

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் வாசகரே, நீங்களும் கூட்டிப் பார்த்திருப்பீர்கள். காணாமல் போனது ஆறு. கரை ஒழுக்கியது ஐந்து. ஒரு சென்டிமீட்டர் பாக்கி.

தெஸ்பினாவிடம் கேட்டேன். "அளவுகோல்ல அவ்வளவு பிசகு வரும்" என்று வேகமாகச் சொல்லிவிட்டு ரொட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் அளவுகோலில் பிசகு என்று அவளே ஒப்புக்கொண்டு நான் கேட்டதேயில்லை.

ரெஜெப்பிடமும் கேட்டேன். படகைத் தள்ளிக்கொண்டே சிரித்தான். "எழுத்தாளரே, எல்லாத்தையும் நாங்களே சொல்லிட்டா உங்களுக்கு என்ன வேல?"

நான் அவர்கள் இரண்டு பேரோடும் இதே தெருவில் இன்னும் பல வருஷம் இருந்தாக வேண்டும். நீங்கள் வெளியூர். அந்த ஒரு சென்டிமீட்டரை நீங்களே எங்காவது வைத்துக்கொள்ளுங்கள்.