மேஸ்திரி முன்னே போகட்டும்

உத்தமன் அன்று காலை மூன்றாவது முறையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் முறை வந்தபோது அவர் மனைவி எல்லம்மா, "இன்னாத்த மறந்துட்டீங்க?" என்று கேட்டாள். இரண்டாவது முறை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இப்போது தயாராக வைத்திருந்த சொம்பை நீட்டினாள். அவர் வயிற்றில் ஏற்கெனவே தண்ணீர் குலுங்கிக்கொண்டிருந்தது. இருந்தாலும் குடித்தார். காரியமாகக் கிளம்பும்போது பூனை குறுக்கே போனால் வீட்டுக்குத் திரும்பி, சற்று உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்பட வேண்டும். அவருடைய அப்பா அப்படித்தான் செய்தார். ஆனால் அப்பா காலத்தில் அடுகோடியில் அந்தச் சந்துக்கே ஒரு பூனைதான் இருந்தது. அதுவும் பாதி நாள் தூங்கும். ஒரே வீட்டு வாசலில், ஓடிப்பிடித்து விளையாடுகிற வயதில், மூன்று குட்டிகள் இருக்கும் என்று சகுன சாஸ்திரம் எழுதியவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

வீடு பின்னால், இரும்பு கடைகிற லேத் ஷெட் முன்னால். இரண்டையும் சேர்ப்பது ஒரு நடை. ஆள் ஒருவர் நேராகப் போகலாம், எதிரே இன்னொருவர் வந்தால் இருவரும் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். நடை முடிகிற இடத்தில் இரும்பு கேட், அதைத் தாண்டினால் தெரு. குட்டிகளுக்கு அந்த கேட்டுக்கு முன்னால்தான் விளையாட்டு மைதானம். மழைக்காலத்தில் எங்கிருந்தோ வந்த ஒரு பூனை ஷெட்டுக்குள் மிஷின் துடைக்கிற பனியன் வேஸ்ட் மூட்டையில் அவற்றைப் போட்டது, சில நாள் பால் கொடுத்தது, பிறகு ஒருநாள் ஓசூர் ரோடு பக்கம் போனது திரும்பவே இல்லை. எல்லம்மா இங்க் ஃபில்லரால் பால் புகட்டினாள். "கண்ணு திறந்ததும் யார்கிட்டயாவது குடுத்துடணும், ஆமா" என்று உத்தமன் கண்டிப்பாகச் சொன்னார். கண் திறந்தது. "பால் மறக்கட்டும்" என்றார். பால் மறப்பதற்குள் நட்டு, போல்ட்டு, வாசர் என்று பேரும் வைத்துவிட்டார். பேர் வைத்த பிறகு எதையும் தூக்கிக் கொடுத்ததாக உலகத்தில் எங்கும் சரித்திரம் இல்லை.

அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு நாய் இருந்தது. குட்டியாக வந்து ஷெட் வாசலில் உட்கார்ந்தது. காலையில் ஷட்டர் திறந்ததிலிருந்து சாயங்காலம் மூடுகிற வரை ஒரு வேலையும் செய்யாமல் எல்லோருடைய வேலையையும் பார்த்துக்கொண்டிருந்ததால் அதற்கு மேஸ்திரி என்று பேர் வந்தது. இப்போது வயதாகி முகவாய் நரைத்துவிட்டது. குட்டிகளை முதன்முதலில் பார்த்தபோது அது தன் பதவிக்கேற்றபடி அதட்டலாகத்தான் குரைத்தது. நட்டும் போல்ட்டும் டிரம்முக்குப் பின்னால் ஓடி ஒளிந்தன. ஒரு கைப்பிடி அளவே இருந்த வாசர் மட்டும் முதுகை வளைத்து, வாலைப் புடைத்துக்கொண்டு நேராக வந்து, மேஸ்திரியின் மூக்கில் ஓர் அறை விட்டது. மேஸ்திரி உத்தமனின் நாற்காலிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு அவரைப் பார்த்தது. "என்னைப் பார்த்து இன்னாடா பிரயோஜனம்? நானே எல்லம்மாகிட்ட அப்படித்தான் இருக்கேன்" என்றார் உத்தமன்.

ஒரே வாரத்தில் நிலைமை மாறியது. மேஸ்திரி படுத்தால் மூன்றும் அதன் வயிற்றோடு சுருண்டுகொண்டன. போல்ட்டு தன் தாய் நினைப்பில் அந்த ஆண் நாயின் வயிற்றைப் பிசைந்து பால் தேடியது. அந்த நேரங்களில் மேஸ்திரி வேறு பக்கம் பார்த்துக்கொள்ளும். யாராவது வந்தால் எழுந்துவிடலாமா என்று யோசிப்பது அதன் முகத்தில் தெரியும். ஆனால் எழுந்திருக்காது.

இதெல்லாம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. உத்தமனின் பிரச்சினை அத்திபெலேயில் இருந்தது. அங்கே ஒரு பம்ப் கம்பெனி மாதாமாதம் ஷாஃப்ட் கடைய ஆள் தேடிக்கொண்டிருந்தது. பெரிய ஷெட்டுகளில் எல்லாம் கம்ப்யூட்டர் மிஷின் வந்த பிறகு உத்தமனின் லேத் வாரத்தில் பாதி நாள் போர்வை போர்த்திக்கொண்டு நின்றது. இந்த ஆர்டர் வந்தால் ஷெட் பிழைக்கும். வராவிட்டால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். அது அவருக்கும் தெரியும், எல்லம்மாவுக்கும் தெரியும். கம்பெனியின் பர்ச்சேஸ் மேனேஜர் இளங்கோவன் சாம்பிள் கொண்டுவரச் சொல்லியிருந்தார். முதல் தடவை போனபோது அளவு மயிரிழை கூடிவிட்டது. அடுத்த தடவை மேனேஜர் லீவு. அதற்கடுத்த தடவை, மூன்று முறை தண்ணீர் குடித்துவிட்டுப் போன அன்றைக்கு, கரண்ட் இல்லை என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள். மூன்று தடவையும் பூனை குறுக்கே போயிருந்தது. தண்ணீர் குடித்தும் தோஷம் போகவில்லை என்றால் தோஷம் எத்தனை கெட்டியானது என்று உத்தமன் யோசித்தார். பூனை தினமும்தான் குறுக்கே போகிறது, அவர் போகாத நாளிலும் போகிறது என்று எல்லம்மா எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். கேட்கிற காதாக இல்லை.

வழியைக் காட்டியது மேஸ்திரிதான். அடுத்த முறை அவர் கிளம்பியபோது வழக்கம்போல வாசர் குறுக்கே ஓடியது. உத்தமன் திரும்புவதற்குள், தெருவில் குப்பை வண்டியின் சத்தம் கேட்டு மேஸ்திரி குரைத்துக்கொண்டே அவரைத் தாண்டி முன்னால் ஓடியது. உத்தமன் அப்படியே நின்றார். பூனை போன வழியை வேறு யாராவது முதலில் கடந்துவிட்டால் சகுனம் அவர்களோடு போய்விடும். இதுவும் அப்பா சொன்னதுதான். தெருவில் யாராவது வரட்டும் என்று அப்பா மணிக்கணக்கில் நின்றதைப் பார்த்திருக்கிறார். உத்தமன் தண்ணீர் குடிக்காமலேயே கிளம்பினார். அன்றைக்கு இளங்கோவன் அவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். "அளவு ஓகே, ஃபினிஷிங் மட்டும் இன்னும் கொஞ்சம் வழவழப்பா வேணும், செஞ்சு எடுத்துட்டு வாங்க" என்றார். அந்த டீயின் ருசி திரும்பி வரும் வழியில் பொம்மசந்திரா தாண்டியும் உத்தமனின் நாக்கில் இருந்தது.

அதற்குப் பிறகு ஏற்பாடு கச்சிதமாகிவிட்டது. பூனை குறுக்கே போகும். உத்தமன் நிற்பார். "மேஸ்திரி, முன்ன போ" என்பார். அது முன்னால் போய் கேட்டைத் தாண்டும். அதற்கு ஒரு பொறை பிஸ்கட். சில நாளிலேயே சொல்லாமலே போகப் பழகிவிட்டது. பூனை ஓடியதும் எழுந்து, சோம்பல் முறித்து, ஆபீஸுக்குப் போகிறவர் மாதிரி அவருக்கு முன்னால் நடந்தது. எதிரே தள்ளுவண்டியில் இட்லி விற்கும் சந்திரம்மா கன்னடத்தையும் தமிழையும் ஒரே இலையில் பரிமாறுகிறவள். "ஏன் அண்ணா, உங்களுக்கு முந்தி நாயி ஹோகணுமா? பி.ஏ. வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

எல்லம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "உங்க பீடையை வாயில்லாத ஜீவன் தலையில ஏத்துறீங்களே, நல்லாவா இருக்குது?"

"அதுக்கு இன்னா ஆர்டரா, சாம்பிளா? அதுக்கு இன்னா காரியம் கெட்டுப்போவப் போவுது? நீ சும்மா இரு" என்றார் உத்தமன்.

மேஸ்திரி இளைக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். முதலில் யாரும் கவனிக்கவில்லை. ஒருநாள் தலையைத் தடவிக்கொண்டே முதுகுக்குக் கை கொண்டுபோன உத்தமனுக்கு விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டன. கையை எடுத்துக்கொண்டார். அன்று லேத்தில் நின்றபோது வேலை ஓடவில்லை. மேனேஜர் லீவு, கரண்ட் கட், மயிரிழைப் பிழை என்று தனக்கு வரவிருந்தது எல்லாம் வேறு வேஷம் போட்டு அந்த நாயின் உடம்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டதாக அவருக்குத் தோன்றியது. நாய்க்கு ஆர்டர் இல்லை, சரி. கெடுவதற்கு அதனிடம் உயிர் ஒன்று இருக்கிறதே, அதை நினைக்காமல் போய்விட்டோமே என்று லேத்தை நிறுத்திவிட்டு மேஸ்திரியைத் தூக்கினார்.

ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு மாட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் மமதா சின்னப் பெண். வாயைத் திறந்து பார்த்தாள், வயிற்றை அமுக்கினாள், ரத்தம் எடுத்தாள்.

"மேடம், மறைக்காம சொல்லிடறேன். இதுக்கு சகுனம் பட்டிருக்குது. என்னோடதுதான்."

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அதுக்கு நம்மகிட்ட இஞ்செக்ஷன் இல்லையே சார்" என்றாள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. ஒன்றும் இல்லை. "வியாதி எதுவும் காணோம். இவனுக்குப் பசி, அவ்வளவுதான். ஊட்டா சரியா போடறீங்களா?"

உத்தமனுக்குச் சுருக்கென்றது. "எங்க வீட்டுலயா பசி? ரெண்டு வேளையும் கோழிக்காலு போட்டு வேகவெச்ச சோறு, மேடம். தட்டு கழுவி வெச்ச மாதிரி காலியாவுது."

"யாரு காலி பண்றாங்கன்னு பாருங்க" என்றாள் டாக்டர்.

அன்று சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் ஷட்டருக்குப் பின்னால் குனிந்து நின்று பார்த்தார்கள். தட்டு வைத்த மறுகணம் மூன்று குட்டிகளும் வந்துவிட்டன. நட்டும் போல்ட்டும் விளிம்பில் நின்று தின்றன. வாசர் தட்டுக்குள்ளேயே ஏறி உட்கார்ந்து கோழித் துண்டுகளாகப் பார்த்துப் பொறுக்கியது. மேஸ்திரி ஓரடி தள்ளி உட்கார்ந்திருந்தது. முதல் பந்தியில் இடம் கிடைக்காதவர் ஒன்றுமே நடக்காததுபோல் மேலே ஃபேனைப் பார்ப்பாரே, அந்த மாதிரி அது கூரையைப் பார்த்தது. ஒருமுறை மெதுவாக மூக்கை நீட்டியது. வாசர் திரும்பிப் பார்க்காமலேயே கையை ஓங்கியது. மூக்கு பின்னுக்குப் போனது. குட்டிகள் வயிறு புடைக்கத் தின்றுவிட்டு நகர்ந்த பிறகு மேஸ்திரி வந்து தட்டில் மிச்சமிருந்த ஈரத்தை நக்கியது. பிறகு மூன்றின் வாயையும் ஒன்றன்பின் ஒன்றாக நக்கிச் சுத்தம் செய்தது.

எல்லம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அட பைத்தியமே! ஒரு கடி கடிச்சா மூணும் ஓடாதா?"

மறுநாள் மேஸ்திரியை ஷெட்டுக்குள் விட்டு ஷட்டரை இறக்கித் தனியாகச் சோறு வைத்தார்கள். அது சோற்றைத் தொடாமல், குட்டிகளை உள்ளே விடும்வரை ஷட்டரைப் பிறாண்டியது. கடைசியில் உத்தமனே பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் வாசரைத் தடுத்துக்கொண்டிருந்தால்தான் தின்றது. அவர் கையெல்லாம் கீறல். "மேஸ்திரிக்குச் சாப்பாடு, காவலுக்கு மொதலாளி. நல்ல கம்பெனி" என்றாள் எல்லம்மா.

ஆக, காரணம் பசிதான். உத்தமன் தன் கண்ணால் பார்த்தார், ஒப்புக்கொண்டார். ஆனால் மனசு இருக்கிறதே, அது குரங்கு. கோழி போட்ட சோறு கண்ணெதிரே இருந்தும் ஒரு ஜீவன் பட்டினி கிடக்கிறதென்றால் அதற்குத் தோஷம் என்றில்லாமல் வேறென்ன பேர் என்று கேட்டது.

வெள்ளிக்கிழமை அத்திபெலேக்குப் போக வேண்டும். கடைசி சாம்பிள். வழவழப்பு கன்னத்தில் வைத்துப் பார்க்கலாம் போல வந்திருந்தது. இன்றைக்கு சரி இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக இளங்கோவன் முந்தின நாளே போனில் சொல்லிவிட்டார். உத்தமன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். ஷாஃப்டை எண்ணெய் தடவி, பழைய துண்டில் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். சாமி படத்துக்கு முன் நின்றபோது ஆர்டரைக் கேட்கவே வாய் வரவில்லை. விபூதி மட்டும் பூசிக்கொண்டு வெளியே வந்தார்.

நடையின் கோடியில், கேட்டுக்கு முன்னால், வாசர் இடதிலிருந்து வலதுக்குப் போனது. அவசரமில்லாமல், வாலைத் தூக்கிக்கொண்டு, எல்லோரும் பார்க்கட்டும் என்பதுபோல் போனது.

மேஸ்திரி எழுந்தது. முன்னங்காலை நீட்டிச் சோம்பல் முறித்தது. விலாவில் சதை இன்னும் பிடிக்கவில்லை, நடக்கும்போது இடுப்பெலும்பு இரண்டும் மாறிமாறித் தெரிந்தன. அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கடமையைச் செய்யப் புறப்பட்டது. யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே போக அவர்தானே பழக்கியிருந்தார். உத்தமன், ஷெட்டும் அத்திபெலேயும் ஷாஃப்டும் எக்கேடாவது கெட்டுப்போகட்டும் என்று அந்த ஒரு நொடி மனசார நினைத்தார்.

"மேஸ்திரி, நில்லுடா!"

அது நிற்கவில்லை. இத்தனை வருஷத்தில் அதை யாரும் நிற்கச் சொன்னதில்லை. வாசர் போன வழியைத் தானே முதலில் கடந்துவிட வேண்டும் என்று உத்தமன் துண்டு மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் பஸ்ஸுக்குக்கூட ஓடியதில்லை. நடை அகலம் அவ்வளவுதான், நாயைத் தாண்டுவதற்காகச் சுவரோடு உரசியதில் வெள்ளைச் சட்டையின் தோளில் சுண்ணாம்பும் பாசியும் அப்பின. தாண்டிவிட்டார். மேஸ்திரிக்கு இது புதிதாக இருந்தது. விளையாட்டு என்று நினைத்துக்கொண்டது போலிருக்கிறது, பல வாரமாகத் தொங்கிக்கிடந்த வால் சுழல, குரைத்துக்கொண்டு அதுவும் ஓடி வந்தது. பின்னால் நட்டு, அதற்குப் பின்னால் போல்ட்டு. தெருவில் சந்திரம்மா சட்னிக் கரண்டியைத் தூக்கியபடியே நின்றுவிட்டாள்.

"ஏங்க! எங்க ஓடுறீங்க?" என்று வீட்டுக்குள்ளிருந்து எல்லம்மா கத்தினாள். காரியமாகப் போகிறவனைப் பார்த்துக் கேட்கவே கூடாத கேள்வி. உத்தமன் திரும்பவில்லை. கேட்டுக்கு இன்னும் நாலடி இருந்தது. மேஸ்திரியின் மூச்சு அவர் முழங்காலில் சூடாகப் பட்டது. அவர் இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடினார்.