கையில் தொண்ணூற்றெட்டு, காலில் தொண்ணூற்றொன்று

ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று காட்டும் கருவி, குழந்தையின் வலது கையில் தொண்ணூற்றெட்டு என்றது. காலில் தொண்ணூற்றொன்று. ஒரே உடம்பில் ஓடும் ரத்தம் எப்படி இரண்டு கணக்குச் சொல்லும் என்று நர்ஸுக்குப் புரியவில்லை.

இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்ததில் கண் எரிந்தது. இந்தப் பிரசவ வார்டில் இதற்கொரு வழக்கம் உண்டு. கால் சில்லிட்டிருக்கும், அளவு தப்பாகத்தான் வரும். கையில் வந்ததை மட்டும் எழுதிக் குழந்தையை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டியது.

"அந்தக் காலை விடேம்மா. பிள்ளை இப்பவே ஓட்டப்பந்தயத்துக்கா போறான்?" வீட்டுக்குக் கிளம்பப் பைகளைக் கட்டிவைத்துக் காத்திருந்த தாயின் நாத்தனார் கேட்டாள். "கீழ வண்டி நிக்குது."

"சும்மா இருங்க அண்ணி," என்றாள் பிள்ளை பெற்றவள், கண்ணைத் திறக்காமல்.

நர்ஸ் பாதத்தை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கினாள். மறுபடியும் தொண்ணூற்றொன்று. கருவியின் பட்டையைத் தன் விரலில் சுற்றிப் பார்த்தாள், சரியாகக் காட்டியது. குழந்தையின் மறுகாலில் சுற்றினாள். அதே தொண்ணூற்றொன்று. பழுது கருவியில் இல்லை. டாக்டரைக் கூப்பிட்டாள்.

டாக்டர் இதயத்தை ஸ்கேன் செய்துவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தார். அவரும் தூங்கியிருக்கவில்லை.

"உடம்புக்கு ரத்தம் கொண்டுபோற பெரிய குழாய் இவனுக்கு நடுவுல குறுகியிருக்கு. வலது கைக்குப் போற கிளை அதுக்கு முன்னாடியே பிரிஞ்சிடுது, அதனால கையில நல்ல ரத்தம். காலுக்கு வேற வழியா வருது. வயித்துல இருக்கும்போது எல்லாக் குழந்தைக்கும் நுரையீரல் குழாய்லேர்ந்து இந்தப் பெரிய குழாய்க்கு ஒரு குறுக்குவழி இருக்கும். இவனுக்கு அது இன்னும் திறந்திருக்கு, அது வழியா காலுக்கு வர்றது ஆக்சிஜன் குறைஞ்ச ரத்தம்."

"நல்லாத்தானே பால் குடிக்கிறான்?" தாய் இப்போது எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"குடிப்பான். ஆனா அந்தக் குறுக்குவழி பிறந்த சில நாள்ல தானா மூடிக்கும். வீட்டுல வச்சு மூடியிருந்தா, இடுப்புக்குக் கீழ ரத்தம் சரியாப் போயிருக்காது. உயிருக்கே ஆபத்து."

நாத்தனார் கட்டிவைத்த பைகளைக் கட்டிலடியில் தள்ளினாள். பிறகு, "வண்டியப் போகச் சொல்லிடறேன்," என்று எழுந்தாள்.

குறுக்குவழி மூடாமலிருக்க மருந்து சொட்டுச் சொட்டாக ஏறத் தொடங்கியது. குறுகலைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சை வரை அது நிற்கக் கூடாது.

நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனாள். அந்தக் குழந்தைக்குக் காலையில் கையில் மட்டும்தான் பார்த்திருந்தார்கள். துணியை விலக்கிப் பாதத்தை வெளியே எடுத்தாள். வலது கையிலும் ஒரு காலிலும் அளக்க வேண்டும். வித்தியாசம் மூன்றைத் தாண்டி, திரும்ப அளந்தும் அப்படியே இருந்தால், இதயத்தைப் பார்க்காமல் குழந்தையை வீட்டுக்கு அனுப்பக் கூடாது.