இசைத்தட்டு முடிந்த பிறகு

...இன்னும் டூலியோ முடிக்கவில்லை, முடிக்கவும் மாட்டான், ஆர்கன் தனியாகக் கையில் கிடைத்துவிட்டால் மேடையில் நாங்களும் நிற்கிறோம் என்பதே அந்த மனிதனுக்கு மறந்துபோகும், போகட்டும், எனக்கும் மூச்சு சேர்த்துக்கொள்ள நேரம் வேண்டும், குழல் வியர்வையில் வழுக்குகிறது, ஜெனோவா துறைமுகத்துப் பாரந்தூக்கிகளின் மேல் வெயில் இன்னும் மஞ்சளாக உட்கார்ந்திருக்கிறது, எதிரே சதுக்கம் முழுக்கத் தலைகள், நரைத்தவை, வழுக்கைகள், நடுநடுவே அவர்கள் பெற்ற பிள்ளைகள், எல்லோரும் டூலியோவின் ஆர்கனை வாயாலேயே கூடப் பாடுகிறார்கள், ஒரு ஸ்வரம் பிசகவில்லை. எப்படி? ஆயிரம் பிரதிகூட விற்காத தட்டு, எழுபத்து நான்கில் வந்தது, அடுத்த வருஷமே நாங்கள் கலைந்தோம், ஐம்பது வருஷம் கழித்து இன்றைக்குத்தான் மறுபடி சேர்ந்திருக்கிறோம். குழுவுக்கு ‘மூன்றாவது கலங்கரை விளக்கம்’ என்று பெயர் வைத்ததற்கே அப்பா, கப்பல் பட்டறையில் வெல்டர், மேசையைத் தட்டிச் சிரித்தார், “மொத ரெண்டு எங்கடி இருக்கு?” அந்தக் காலத்து ராக் குழுக்கள் எல்லாமே அப்படித்தான், பெயர் சுவரொட்டியில் அடங்கக் கூடாது, பாட்டு தட்டில் அடங்கக் கூடாது.

எங்கள் பாட்டும் அடங்கவில்லைதான். தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு, ‘அலைத்தடுப்பு’, அதில் மற்றதெல்லாம் டூலியோ எழுதியது, முடிவு மட்டும் நான். பாட்டைக் கடைசியாகச் சரிபார்த்துக் கொடுக்க அவன் ஒருவன்தான் மிலானுக்கு ரயிலேறினான், திரும்பி வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னான், “கம்பெனிக்காரங்க வெட்டிட்டாங்க ஃபியோரென்சா, தட்டுல இடம் இல்லையாம், உன் குழல் ஆரம்பிச்சதும் சத்தத்தக் கொறைச்சுக் கொறைச்சு அப்படியே முடிச்சுட்டாங்க.” நம்பினேன், ஏன் நம்பக் கூடாது? அழுதேன், பிறகு பள்ளிக்கூடத்தில் இசை டீச்சராகச் சேர்ந்தேன், பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பிளாஸ்டிக் குழலில் கிறீச்சிடுவதைக் கேட்டே தலை நரைத்தேன், எகீதியோ டிரம்ஸைத் துணி போட்டு மூடிவிட்டு நகரப் பேருந்து ஓட்டினான், டூலியோ பிஸ்கட் விளம்பரங்களுக்கு மெட்டுப் போட்டான். அத்தனை காலமும், எனக்குத் தெரியாத யார் யாரோ வீடுகளில், ஊசி தட்டின் நடுவை நெருங்கும்போதெல்லாம் நான் மெல்ல மெல்லக் காணாமல் போய்க்கொண்டே இருந்திருக்கிறேன்... கோபம் வருமா வராதா? வந்தது, இப்போதும் வருகிறது. இன்று மதியம் ஒத்திகையில் டூலியோ அந்தக் குறைப்பையே மேடையிலும் செய்வோம் என்கிறான், “ஜனங்க வீட்டுல கேட்ட மாதிரிதான் இங்கயும் கேக்கணும், எல்லாரும் சேந்து கொறைப்போம், பூனை நடக்கிற மாதிரி.” எகீதியோ ஃபொக்காச்சா ரொட்டியைக் காப்பியில் முக்கியபடியே, “பூனைக்கு முட்டி வலி இல்ல டூலியோ, எனக்கு இருக்கு,” என்றான். நான் கேட்டேன், என் முடிவை வாசித்தால் என்ன? “அத யாரு இப்ப ஞாபகம் வெச்சிருக்கா? நானே மறந்துட்டேன்,” ஆர்கன் ஒயரைச் சரிசெய்தபடி, என் முகத்தைப் பார்க்காமல். எகீதியோ மட்டும் பிறகு பக்கத்தில் வந்து, “நீ வாசி, நான் வர்றேன், இத்தன வருஷமா ஸ்டியரிங்ல அதத்தான தட்டிக்கிட்டுக் கெடந்தேன்,” என்றான். ஆனால் வாசிப்பேனா? டூலியோ கையை எடுத்துவிட்டால்? ஆர்கன் இல்லாமல் வெறும் குழலும் டிரம்ஸும்... பாட்டி ஒருத்தி பாதையைத் தவறவிட்டாள் என்றுதானே நினைப்பார்கள்?

இதோ, ஆர்கன் இறங்குகிறது, என் இடம், உதட்டில் வைத்தாயிற்று, வருகிறது, நல்லவேளை, சுத்தமாக வருகிறது... முதல் வரிசையில் ஒரு ஜப்பான்காரர், ஒசாகாவிலிருந்து வந்தாராம், எங்கள் தட்டைப் பிளாஸ்டிக் உறையோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறார். கிடார் குறைகிறது, பாஸ் கிடார் குறைகிறது, ஆர்கன் தேய்கிறது, இங்கேதான், ஐம்பது வருஷமாக இந்த இடத்தில்தான் நான் செத்துப்போகிறேன், ஜப்பான்காரர் தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைதட்டக் கையைத் தூக்கிவிட்டார்... மாட்டேன். அடிவயிறு வரை காற்றை இழுத்தேன், மேலே ஏறினேன், ஒரே ஏற்றம், என் ஏற்றம், பின்னாலேயே எகீதியோ, முட்டி வலியாவது மண்ணாவது, தரை அதிர மிதிக்கிறான், சதுக்கத்தில் அத்தனை வாயும் ஒரேயடியாக அடங்கிவிட்டது, இனிமேல் வருவது இவர்களில் ஒருவருக்கும் தெரியாது, எனக்குத்தான் தெரியும், எனக்குத்தான்! ஜப்பான்காரரின் கைகள் தூக்கியபடியே நிற்கின்றன, வாய் பிளந்திருக்கிறது. கேளுங்கள், எல்லோரும் கேளுங்கள், பாட்டு முடியவில்லை, என்றைக்குமே முடியவில்லை.

ஆர்கன்... டூலியோ கையை எடுக்கவில்லை. வருகிறான். தடவித் தேடி வரவில்லை, நான் திரும்பும் இடத்திலெல்லாம் எனக்கு முன்னால் திரும்பி நிற்கிறான், இடது கையில் நான் எழுதாத ஸ்வரங்கள், அழகானவை, ஒரு நாளில் வந்துவிடாதவை, வருஷக்கணக்காகத் தனியாக உட்கார்ந்து வாசித்தவனுக்கே வருபவை, கண்கள் மூடியிருக்கின்றன, கன்னம் நனைந்திருக்கிறது. சதுக்கம் எழுந்து நிற்கிறது, கத்துகிறது, கடைசி ஸ்வரத்தை நான் பிடித்துக்கொண்டே இருக்கிறேன், சிரிப்பு முட்டுகிறது, சிரித்தால் உதடு விரிந்து குழல் பிசிறிவிடும், சிரிக்கக் கூடாது... மறந்துவிட்டேன் என்றானே? இவ்வளவும் இவனிடம் இருந்திருக்கிறதே, அப்படியென்றால் அன்றைக்கு மிலானில் வெட்டியது கம்பெனிதானா, இல்லை இவனேதானா... மூச்சு இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அது தீரும்வரை எதையும் கேட்க முடியாது, தீரட்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.