நாற்றமடித்தால் யார் பொறுப்பு

1

இந்தக் கதை எனக்குத் தண்ணீர் லாரி வரிசையில் கிடைத்தது. காஸ்பியன் கரை நகரமான எங்கள் அக்தாவில், கடல்நீரை நன்னீராக்கும் ஆலை பழுதுபார்க்க நிற்கும்போதெல்லாம் லாரி வரும், போத்தல்களோடு நாங்கள் நிற்போம். முன்னால் நின்ற பல்ஜான் அக்கா பக்கத்துப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “கூட்டத்துல அந்தப் பொண்ண அழவெச்சதும் நான்தான், அப்புறம் டீ குடுத்ததும் நான்தான்.”

எந்தப் பொண்ணு என்று கேட்டுத் தொலைத்தேன். லாரி வரத் தாமதமாகி, கதை முழுதாகவே வந்துசேர்ந்தது.

(அந்தப் பெண்ணையும் பிறகு பார்த்தேன். அழவில்லையாம். “காத்து. கண்ணுல தூசி விழுந்துச்சு” என்றாள். அக்தாவில் இதை யாரும் பொய்யென்று நிரூபிக்க முடியாது.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: ‘காஸ்பியன் கடல் பின்வாங்கிக்கொண்டிருந்தது. அதன் கரையில் ஒரு பெண் தனியாக—’

அடித்துவிட்டேன். கடல் பின்வாங்குவது உண்மை. ஆனால் அந்தப் பெண், குன்சுலு, கரையில் நிற்கவில்லை. நகர நீர்த்துறை அலுவலகத்தில், காற்றுக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு, தன் மேலதிகாரி கனிபெக்கோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

நகரத்தின் அடுத்த முப்பதாண்டுத் தண்ணீர்த் திட்டத்தை எழுதும் பொறுப்பு அவளுடையது. தொலைதூர ஆற்றிலிருந்து இன்னொரு பெரிய குழாய் போட்டால் போதும் என்பது கனிபெக்கின் கட்சி.

“அந்த ஆறு நம்மளுது இல்லண்ணே, பக்கத்து நாட்டுது. அவங்க மூடினா நமக்குத் தண்ணி நின்னுபோச்சு. கடலும் விலகிட்டே போகுது, உறிஞ்சுற குழாய அதுக்குப் பின்னாலயே எவ்வளவு தூரம் இழுத்துட்டுப் போறது?”

“அதுக்கு?”

“உள்ளூர்ல இருக்கறத மொதல்ல பாப்போம். நாம குளிச்சு, கழுவி வெளிய விடுற தண்ணியச் சுத்தம் பண்ணி மரங்களுக்குக் குடுப்போம். ஆலைத் தண்ணி சமையலுக்கு மிஞ்சும்.”

கனிபெக் சிரித்தார். “சாக்கடைத் தண்ணிய வாசல்ல விடப்போறேன்னு ஜனங்ககிட்ட நீயே போய்ச் சொல்லு. அடிக்காம விட்டாங்கன்னா நான் கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா பெரிய குழாய்தான்.”

3

பல்ஜான் அக்காவை வில்லியாக்கத்தான் நினைத்தேன். கதைக்கு வசதி. பன்னிரண்டாவது வட்டாரத்துக் குடியிருப்புச் சங்கத் தலைவி, தடித்த குரல், எதற்கும் ‘முடியாது’ என்று தொடங்குகிறவர்… ஆனால் பள்ளிக்கூட மண்டபத்தில் குன்சுலு கூட்டிய கூட்டத்தில் நடந்ததைக் கேட்டபின் அந்த வேஷம் அவருக்குப் பொருந்தவில்லை.

குன்சுலு திரையில் வரைபடம் போட்டாள். நீலக் கோடு, பச்சைக் கோடு. யாரும் பார்க்கவில்லை. அக்கா எழுந்தார்.

“எங்க கழிவ எங்களுக்கே திருப்பிக் குடுக்கப் போறியா பொண்ணே? ஒங்க வீட்டு வாசல்ல விடுவியா?”

மண்டபமே சிரித்தது. குன்சுலு திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஓராண்டு உழைப்பு, எல்லார் முன்னாலும் இப்படி நின்றுபோகும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. (தூசி இங்கேதான் விழுந்தது.)

அப்புறம் வரைபடத்தை அணைத்தாள்.

“மொதல்ல எனக்கும் குமட்டுச்சுக்கா. குடிக்கச் சொல்லல. ஆலை நின்னா மொதல்ல எந்தத் தண்ணிய வெட்டுறோம் தெரியுமா? மரத்துக்குப் போறத. வெட்டுங்கன்னு எழுதி அனுப்புறதே நான்தான்.”

“தெரியும்” என்றார் அக்கா. குரல் இறங்கியிருந்தது. “போன கோடைல எங்க முற்றத்துல கரகாச் மரம் மூணு பட்டுப்போச்சு. மிச்சத்த எப்படிக் காப்பாத்தினேன்னு எனக்குத்தான் தெரியும். நாலாவது மாடியிலேருந்து வாளி வாளியா எறக்கினேன்.”

“என்ன தண்ணிக்கா?”

“பாத்திரம் கழுவின தண்ணி.”

பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார்: “அப்ப திட்டத்த நீங்கதான் எப்பவோ ஆரம்பிச்சிட்டீங்களே!”

இந்தத் தடவை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. அக்காவும் சிரித்தார், ஆனால் இறங்கிவரவில்லை. “சரி. எங்க முற்றத்துல மொதல்ல போடு. ஒங்க முற்றத்துலயும் போடு. பரிசோதனை முடிவ மாசாமாசம் எங்க படிக்கட்டுக் கதவுல ஒட்டு. நாத்தமடிச்சா வாளியோட ஒங்க ஆபீசுக்கு வருவேன்.”

“வாங்க” என்றாள் குன்சுலு.

கூட்டம் கலைந்ததும், பிளாஸ்கிலிருந்து பால் டீயை ஊற்றிக் கொடுத்தார் அக்கா. “குடி. நான் கத்தினா அப்படித்தான். எம் புருஷனும் ஆரம்பத்துல அழுதான்.”

4

கனிபெக் கையெழுத்துப் போட்டார். ‘சோதனை முயற்சி’ என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டுத்தான். பள்ளம் தோண்டின அன்று வேரை வெட்ட விடாமல் அக்கா குறுக்கே நின்றதில், குழாய் ஒரு மரத்தைச் சுற்றிக்கொண்டு போனது. குன்சுலு வரைபடத்தைத் திருத்தி வரைந்தாள். முணுமுணுக்கவில்லை என்கிறாள். நம்புவோம்.

5

முடிவுக்கு இரண்டு வரைவுகள் வைத்திருக்கிறேன்.

அ) வசந்தத்தில் முற்றம் முழுக்கத் துளிர்க்கிறது. மற்ற வட்டாரங்கள் ‘எங்களுக்கு எப்போ’ என்று கேட்டு—

ஆ) நாற்றமடிக்கிறது. அக்கா வாளியோடு கிளம்புகிறார். குன்சுலு வடிகட்டியை மாற்றி மறுபடியும்…

முதலாவதைத்தான் என் மனசு கேட்கிறது. ஆனால் முப்பதாண்டுத் திட்டத்துக்கு நான் இன்றைக்கே முடிவு எழுதினால் அது பித்தலாட்டம். எனக்குத் தெரிந்தது இன்று காலை வரைதான். நானும் போயிருந்தேன்.

முற்றத்தில் புது வால்வு. சுற்றி வட்டாரத்து ஜனங்கள். குன்சுலு நகர்ந்து வழிவிட்டாள்.

“நீங்களே தெறங்கக்கா.”

“நான் தெறந்து நாத்தமடிச்சா எம் மேல பழி போட்டுருவ. நீ தெற.”

“நான் தெறந்தா, கேக்காம தெறந்துட்டான்னு சொல்லுவீங்க.”

“சொல்லத்தான் சொல்லுவேன்.”

இருவரும் இன்னும் அங்கேதான் நிற்கிறார்கள், சிரித்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம். நான் பேனா பிடித்திருக்கிறேன். வாசகரே, உங்கள் கை சும்மாதானே இருக்கிறது? வால்வை இடப்பக்கமாகத் திருப்ப வேண்டும். கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், புதுசு.